சிவப்புப் பழம் காய்த்திருக்கிறது, என்ன செடி? பறவைகள் தேடிவரும் புதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சமவெளியிலும் மலையடிவாரத்திலும் வேலியோரம், ஏரிக்கரை, கோவில்காடு, வீட்டுத் தோட்டம் என்று எங்கு பார்த்தாலும் சிவப்புப் பழம் காய்க்கும் செடி ஒன்றாவது இருக்கும். அவற்றையும் அவற்றைத் தேடிவரும் பறவைகளையும் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதில்கள் இவை. ஆல், அத்தி போன்ற பெரிய மரங்களைச் சேர்க்கவில்லை. கொடிகளைச் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் நம் வேலிப்புதரில் செடியும் கொடியும் பின்னித்தான் கிடக்கும்.

வேலியில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பழம். குருவிகள் மொய்க்கின்றன. என்ன செடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டுச் செடியைப் பாருங்கள். சிவப்புப் பழம் காய்க்கும் செடிகள் எத்தனையோ தாவரக் குடும்பங்களில் இருக்கின்றன. நிறத்தை மட்டும் வைத்துத் தேடினால் எங்கும் போய்ச் சேர முடியாது.

முதலில், அது தானே நிற்கிறதா, வேறொன்றின் மேல் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் பற்றுக்கம்பி இருக்கிறதா, இல்லை தண்டே சுற்றிக்கொண்டு போகிறதா? அடுத்தது முள். நேராக நீட்டிய முள்ளா, கொக்கி போல வளைந்த முள்ளா, இலையின் மேலும் இருக்கிறதா? அப்புறம் இலை. தண்டில் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா? ஓர் இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா, மணம் வருகிறதா? இவ்வளவும் பார்த்த பிறகு பழத்துக்கு வாருங்கள்: தனியாகவா கொத்தாகவா, காம்பு உண்டா, அடியில் தொப்பியோ உறையோ இருக்கிறதா, நசுக்கினால் உள்ளே ஒரு கொட்டையா, பல விதைகளா?

படம் எடுப்பதானால் பழத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பாதீர்கள். இலையின் முன்பக்கம், பின்பக்கம், இலை தண்டோடு சேரும் இடம், முழுச் செடி, நறுக்கிய பழம் எல்லாம் வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் போட்டாலும் இத்தனை படமும் இருந்தால்தான் சரியான பெயர் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கோவைப்பழம் என்று நினைத்தேன், ஆனால் பழத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறது. அது வேறு செடியா?

பழம் நன்றாகச் சிவந்த பிறகும் கோடு இருந்தால் அது கோவை இல்லை. ஐவிரலி. சிவலிங்கக்கொடி என்றும் சொல்வார்கள், விதையைக் கழுவிப் பார்த்தால் ஆவுடையாரில் லிங்கம் வைத்த மாதிரியே இருக்கும். இரண்டும் ஒரே பூசணிக் குடும்பம். கோவைக்காயிலும் பச்சையாக இருக்கும்போது வெள்ளை வரி உண்டு, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கோவை பழுத்தால் வரி மறைந்து முழுச் சிவப்பாகும், பிளந்தால் உள்ளும் சிவப்பு. பழம் நீள்வட்டம். ஐவிரலிப் பழம் கோலிக்குண்டு அளவு உருண்டை, இலை ஐந்து விரலாக ஆழமாகப் பிளந்திருக்கும். இது நாம் சாப்பிடக் கூடாத பழம்.

இதே வேலியில் மூன்றாவதாக முசுமுசுக்கையும் ஏறியிருக்கக்கூடும். இலை, தண்டு எல்லாமே சொரசொரப்பு, தொட்டாலே தெரிந்துவிடும். பழம் பெரிய பட்டாணி அளவு, காம்பே இல்லாதது போலத் தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். சளிக்கு இலையை அரைத்து அடை, தோசை சுடும் வீடுகளில் செடியைத் தெரியும், ஆனால் பழத்தைக் கவனித்தவர்கள் குறைவு. கீரைக்காகத் தொடர்ந்து கிள்ளிக்கொண்டே இருந்தால் பழம் எங்கே வரும்? ஒரு பக்கத்துக் கொடியைக் கிள்ளாமல் விட்டுப் பாருங்கள்.

பற்றுக்கம்பி இல்லாமல் மரத்தில் ஏறி, மேலிருந்து நூல் நூலாக வேரைத் தொங்கவிட்டிருந்தால் அது சீந்தில். இதயவடிவ இலை, தண்டில் பருப்பருவாகப் புள்ளி, உரித்தால் மெல்லிய தாள் போல வரும் தோல். ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. சிவந்த பழக்கொத்து பெண்கொடியில்தான். பிரண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நாற்பட்டைத் தண்டே அடையாளம். அதன் பழமும் பட்டாணி அளவில் சிவப்பாக இருக்கும். சின்னான்கள் என்னும் கொண்டைக்குருவிகள் விழுங்கும். நமக்கு நாக்கும் தொண்டையும் அரிக்கும்.

முள் இருக்கும் புதர்களில் எவையெல்லாம் சிவப்பாகப் பழுக்கும்?

எல்லாருக்கும் தெரிந்தது தூதுவளை. வளைந்த சிறு முள், தண்டிலும் இலை நரம்பிலும் இருக்கும். ஊதாப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தப் பை. பழம் பளபளப்பான சிவப்பு, உள்ளே தக்காளி மாதிரி நிறையத் தட்டை விதை.

தண்ணீர்விட்டானும் முள்கொடிதான், ஆனால் இலை ஊசி ஊசியாக மெல்லியது. தூரத்தில் பார்த்தால் பச்சைப் புகை படர்ந்த மாதிரி தெரியும். அதற்குள் சிவப்பு மணிகள். கிழங்குக்காக இதை வேரோடு தோண்டி எடுப்பதால் பல இடங்களில் பழம் காண்பதே அரிதாகிவிட்டது.

ஆதொண்டைக்குக் கொக்கி முள். சட்டையில் மாட்டினால் பின்னால் நகர்ந்துதான் விடுவிக்க வேண்டும். வெள்ளையாக மலர்ந்து பிறகு இளஞ்சிவப்பாக மாறும் பூ, நீண்ட மகரந்தக் கம்பிகள். காயை வற்றல் போடுவார்கள். விட்டுவைத்தால் எலுமிச்சை அளவுக்குக் கருஞ்சிவப்பாகப் பழுக்கும். பெரிய பழம் என்பதால் சின்னப் பறவைகள் கொத்தித்தான் தின்னும்.

களாவும் சொத்தைக்களாவும் பெயரில்தான் உறவு. களாவின் இலை எதிரெதிராக இருக்கும், கிள்ளினால் வெள்ளைப் பால் வரும், முள் பெரும்பாலும் இரண்டிரண்டு. சொத்தைக்களாவில் பால் கிடையாது, இலை மாறி மாறி, விளிம்பில் பல் வெட்டு. இரண்டும் சிவந்து பிறகு கறுக்கும். பால் வரும் செடியெல்லாம் விஷம் என்று பலர் நம்புகிறார்கள், களா அப்படி இல்லை. அதற்காகப் பால் வரும் எதையும் வாயில் வைக்கலாம் என்று ஆகிவிடாது.

முள் இல்லாதவை?

வறண்ட குன்றுகளிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் செம்புளிச்சான். குட்டை மரம் அல்லது புதர், நுனி அகன்ற சிறு இலை, பின்பக்கம் வெளிறியிருக்கும். பழம் உருண்டை இல்லை, சற்று நீளவாக்கில் இருக்கும், நல்ல செக்கச் சிவப்பு, ஒற்றைக் கொட்டை. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள்.

கடலோரத்தில், உப்பு மண்ணில், தடித்த சதைப்பற்றான இலைகளோடு புதர் இருந்தால் உகாய் என்று பாருங்கள். இலையைக் கசக்கினால் கடுகு நெடி வரும். மிஸ்வாக் பல்குச்சி இதுதான். மிளகை விடச் சற்றே பெரிய பழம், வெளிர் நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாகிச் சிவக்கும். கொத்துக் கொத்தாகக் காய்க்கும், ஒரே கொத்தில் எல்லா நிறமும் இருக்கும். கோடியக்கரையில் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். 1967-ல் சரணாலயமான அந்தக் காட்டுக்கு எல்லாரும் பூநாரைக்காகப் போகிறார்கள். நீரோரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் காட்டுப் பக்கமும் ஒரு காலைப்பொழுது நில்லுங்கள். பழம் தின்னும் பறவைகளுக்கு அது பெரிய விருந்துக்கூடம்.

அமுக்கராவுக்குத் தாள் போன்ற உறை. உறைக்குள் சிவப்பு மணி. உறையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சொடக்குத் தக்காளிக்கும் உறை உண்டு, உள்ளே இருக்கும் சிவப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டுத் தோட்டத்தில் என்றால் வெட்சி என்னும் இட்லிப்பூச்செடி, நர்சரியில் காமினி என்று விற்கும் வெள்ளைப் பூச்செடி, மூன்று கொட்டை உள்ள மேற்கிந்தியச் செரி, அப்புறம் தேன்பழம். தேன்பழத்தைச் சில ஊரில் சர்க்கரைப்பழம் என்பார்கள், இலங்கையில் ஜாம் பழம். மென்மயிர் உள்ள பிசுபிசுத்த இலை, அடிப்பக்கம் ஒருபுறம் கூடி ஒருபுறம் குறைந்து இருக்கும்.

சிவப்புப் பூ மாதிரி இருக்கிறது, அதன் மேல் கறுப்புப் பழம் ஒட்டியிருக்கிறது. இது பூவா, பழமா?

செருந்தி. மஞ்சள் இதழ்கள் உதிர்ந்த பிறகு அடியில் இருந்த புல்லிகளும் பூத்தளமும் சிவந்துவிடும். அந்தச் சிவப்புத் தட்டின் மேல் கறுப்புப் பழங்கள் வட்டமாக உட்காரும். தூரத்திலிருந்து பறவையைக் கூப்பிடுவது சிவப்பு, பறவை எடுப்பது கறுப்பு.

சிவந்துவிட்டால் பழுத்துவிட்டது என்று அர்த்தமா?

எல்லாச் செடிக்கும் அப்படி இல்லை. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையே நல்ல உதாரணம். காய் பச்சையாக இருந்து சிவந்து, பிறகுதான் கறுக்கும். சிவப்பு வழியில் வரும் நிறம். குயிலும் சின்னானும் கறுத்ததைப் பொறுக்கித் தின்னும். களா, சொத்தைக்களா, வெட்சி மூன்றும் இதே வகை. ஒரே கொத்தில் சிவப்பும் கறுப்பும் கலந்திருப்பது பறவையின் கண்ணை இன்னும் இழுக்கிறது என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள். அதனால் சிவப்பாக இருக்கிறதே, பறவை தொடவில்லையே என்று கவலைப்படும் முன் நாலைந்து நாள் பொறுங்கள்.

பறவைகளுக்குச் சிவப்பு ஏன் பிடிக்கிறது?

பிடிக்கிறது என்பதைவிட எளிதில் தெரிகிறது என்பதுதான் சரி. மனிதக் கண்ணில் நிறம் காணும் கூம்புச் செல்கள் மூன்று வகை. பறவைகளுக்கு நான்கு, புற ஊதாப் பக்கமும் அவை பார்க்கும். பச்சை இலைகளுக்கு நடுவே சிவப்பு அவற்றுக்குப் பளிச்சென்று தெரியும். எலி, அணில் போன்ற பெரும்பாலான பாலூட்டிகளுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கடினம். செடிக்கு வேண்டியது பழத்தை முழுதாக விழுங்கித் தொலைவில் விதையைப் போடும் ஆள். பல்லால் அரைத்துவிடும் ஆள் அல்ல. சிவப்பு நிறம் அந்தத் தேர்வுக்கு உதவுகிறது. ஆனால் நீலம், கறுப்பு, வெள்ளைப் பழங்களையும் பறவைகள் நன்றாகத் தின்கின்றன. முட்சங்கின் பழம் வெள்ளைதான், அதையும் அவை விடுவதில்லை.

அப்படியானால் மிளகாய்ப் பழத்தைக் குருவி எப்படித் தின்கிறது? காரம் இல்லையா?

காரம் அவற்றுக்குத் தெரியாது. மிளகாயின் கேப்சைசின் நம் நரம்பில் உள்ள ஒரு சூடுணர் ஏற்பியைத் தூண்டுகிறது, அதைத்தான் எரிச்சலாக உணர்கிறோம். பறவைகளின் ஏற்பி அந்தப் பொருளுக்கு அசைவதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாயை வைத்து நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், எலி வகைகள் காரமான பழத்தைத் தொடவில்லை, பறவைகள் தின்றன, அவற்றின் எச்சத்தில் வந்த விதைகள் முளைத்தன. காரமில்லாத பழத்தைக் கொடுத்துப் பார்த்தபோது எலி தின்ற விதையோ முளைக்கவில்லை.

நம் காந்தாரி மிளகாயில் இதை வீட்டிலேயே பார்க்கலாம். பழம் வானத்தைப் பார்த்து நிற்கும், சின்னதாக இருக்கும், காம்பிலிருந்து லேசாகக் கழன்று வரும். மூன்றுமே பறவைக்கு வசதி. மிளகாய் போர்த்துக்கீசியர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தது, இருந்தாலும் நம் சின்னான்கள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டன.

எந்தப் பறவைகள் வரும்? எப்படி அடையாளம் காண்பது?

பெரும்பாலும் முதலில் வருவது செங்குதச் சின்னான், ஊர்ப்பக்கம் கொண்டைக்குருவி. கறுத்த தலை, வாலடியில் சிவப்பு. தலையில் கூரான கொண்டையும் கன்னத்தில் சிவப்பும் இருந்தால் செம்மீசைச் சின்னான். புதருக்குள்ளேயே இருந்துகொண்டு திடீரென்று சளசளவென்று குரல் கொடுத்து ஓயும், கண்ணுக்கு எளிதில் அகப்படாது, அது வெண்புருவச் சின்னான். வறள்புதரின் உண்மையான குடிமகன் இதுதான் என்பேன். புதரை வெட்டினால் முதலில் காணாமல் போவதும் இதுதான்.

கட்டைவிரல் அளவில், ‘டிக் டிக்’ என்று விடாமல் ஒலித்துக்கொண்டு தேன்பழ மரத்தில் துள்ளினால் பூங்கொத்தி. பெண்குயில் புள்ளியும் வரியுமாக இருப்பதால் பலர் வேறு பறவை என்று நினைக்கிறார்கள். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து சோளக்குருவிகள் கூட்டமாக வந்து ஒரு புதரை ஒரே காலையில் காலி செய்துவிடும். மைனா, தவிட்டுக்குருவி, செம்மார்புக் குக்குறுவான் எல்லாம் வரும்.

கிளியை வேறு கணக்கில் வைக்க வேண்டும். கோவைப்பழத்தைக் கிளி தின்னும் காட்சி அழகுதான், ஆனால் அது பல நேரம் விதையையே உடைத்துத் தின்றுவிடும். விதை பரப்பும் வேலையை அதிகம் செய்பவை முழுதாக விழுங்கும் சின்னான்களும் குயில்களும்தான்.

பறவை தின்கிறது என்றால் நாமும் தின்னலாம் அல்லவா?

இல்லை. இந்த நம்பிக்கையைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். மஞ்சள் அரளிக் காய் மனித இதயத்தை நிறுத்தக்கூடியது, ஆனால் குயிலும் சின்னானும் அதன் பழத்தைத் தின்றுவிட்டு நலமாகப் பறக்கின்றன. பறவையின் குடலும் நம் குடலும் ஒன்றல்ல. விதையை உடைக்காமல் விழுங்கி, குறுகிய நேரத்தில் வெளியேற்றிவிடுவதும் அவற்றைக் காக்கிறது.

பெயர் உறுதியாகத் தெரியாத எதையும் ருசி பார்க்க வேண்டாம். குழந்தை தெரியாத பழத்தைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மிச்சப் பழத்தையும் ஒரு கிளையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். கிளை கையில் இருந்தால் செடியை அடையாளம் காண்பதில் நேரம் வீணாகாது.

குன்றிமணி?

அது பழமே இல்லை, விதை. சிவப்பில் கறுப்புப் பொட்டு. நெற்று வெடித்துச் சுருண்டு விதைகளை வெளியே காட்டும்போது பழக்கொத்து போலவே தெரியும். சதை எதுவும் கொடுக்காமல், பழம் போல நடித்துப் பறவையை ஏமாற்றி விதையைப் பரப்பும் வித்தை இது என்று ஒரு விளக்கம் உண்டு. ஓடு மிகக் கடினம், ஆனால் மென்றாலோ துளையிட்டாலோ உள்ளிருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. மணி கோக்க, பல்லாங்குழி ஆட என்று வீட்டில் வைத்திருந்தால் சிறு குழந்தை கையில் படாமல் வையுங்கள். செங்காந்தளின் நெற்று வெடித்தாலும் இதேபோல் சிவந்த விதைகள் தெரியும். அதுவும் கடும் விஷம்.

மாமரத்தில் வேறு இலையோடு ஒரு புதர், அதில் இளஞ்சிவப்புப் பழம். வெட்டவா?

புல்லுருவி. இலங்கைத் தமிழில் குருவிச்சை. மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் புதர். இதன் வாழ்க்கை முழுக்கப் பூங்கொத்தியோடு பிணைந்தது. பழத்துக்குள் விதையைச் சுற்றிப் பசை இருக்கும். பூங்கொத்தி முழுதாக விழுங்கும், சில நிமிடங்களில் விதை வெளியே வரும், பசையோடு பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை உதற முடியாமல் பறவை கிளையில் தேய்க்கும். விதைக்கு வேண்டியதும் அதுவேதான். கிளையில் ஒட்டி முளைத்துவிடும்.

காய்ப்புக்காக வளர்க்கும் மாமரம் என்றால், புல்லுருவி அதிகமாகும் முன் பிடித்திருக்கும் கிளையோடு சேர்த்து வெட்டுங்கள். தோப்புக்கு வெளியே, சாலையோர மரத்தில், காட்டில் இருப்பதை விட்டுவிடலாம். பூங்கொத்திக்கும் தேன்சிட்டுக்கும் அது ஆண்டின் பெரும்பகுதிக்குச் சோறு போடும் செடி.

உன்னிச்செடிக்கு நிறையப் பறவை வருகிறதே, நடலாமா?

வேண்டாம். பழம் சிவப்புமில்லை, நீலங்கலந்த கறுப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, இன்று மேற்கு மலைக்காடுகளின் அடித்தளத்தையே மூடிக்கிடக்கிறது. பரப்பியது பறவைகள்தான், ஆனால் அது பறவையின் குற்றம் அல்ல. உன்னி இல்லாத இடத்தில் அவை தின்ன உள்ளூர்ப் பழம் இருந்தால் போதும்.

ஊட்டி, கொடைக்கானல் தோட்டங்களில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம் உள்ள வேலிச்செடி எது?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முள் இருந்து, இலை விளிம்பில் நுண்பல் இருந்தால் பைரகாந்தா. முள் இல்லாமல், விளிம்பு மழுமழுவென்று இருந்தால் கொட்டோனியாஸ்டர். இலை பெரிதாக, பளபளப்பாக எதிரெதிரே இருந்து, கணுவைச் சுற்றிப் பழம் ஒட்டியிருந்தால் காபி.

சின்ன வீடு, மாடித் தொட்டி மட்டும்தான். பறவைகளுக்கு எதை வைக்கலாம்?

தொட்டியில் காந்தாரி மிளகாய், மணத்தக்காளி, தூதுவளை. மணத்தக்காளியில் கறுப்பாகப் பழுப்பதும் உண்டு, சிவப்பாகப் பழுப்பதும் உண்டு. எது கிடைத்தாலும் வையுங்கள். கொஞ்சம் தரை இருந்தால் கறிவேப்பிலை, பூவைப் பறிக்காமல் காய்க்க விடுங்கள். கம்பிவேலி இருந்தால் கோவை ஏற்றலாம், ஆண்கொடியும் பெண்கொடியும் தனித்தனி என்பதை மறக்க வேண்டாம். தேன்பழம் வேகமாக வளர்ந்து ஆண்டு முழுக்கக் காய்க்கும், இரவில் வௌவாலும் வரும். வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேல் வைத்தால் தினமும் கழுவ வேண்டியிருக்கும்.

பூச்சிமருந்து அடிக்காதீர்கள். பழம் தின்னும் சின்னான்கூடக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். மெல்லிய நைலான் வலையும் வேண்டாம், கால் சிக்கிச் சாகும்.

வீட்டு மனையில் இருக்கும் புதரைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். பாம்பு வருமாம். என்ன செய்வது?

வீட்டுச் சுவரை ஒட்டி இருப்பதை வெட்டுங்கள், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மனையின் எல்லை வரை ஜேசிபியை விட்டு மொட்டையடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வேலியோரம் ஒரு வரிசையாவது விடுங்கள். தூதுவளையும் கோவையும் சீந்திலும் பின்னிய புதர் அடர்ந்து வரப் பல ஆண்டுகள் ஆகும், யாரும் நட்டதல்ல, பறவை எச்சத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. நர்சரியில் காசு கொடுத்து இதை வாங்க முடியாது. கட்டாயம் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

தொட்டியில் நான் விதைக்காத நாற்று முளைத்திருக்கிறது. பறவை போட்டதா? பிடுங்கவா?

பெரும்பாலும் பறவைதான். நாலு இலை விடும் வரை வைத்திருந்து பாருங்கள். வேம்பு, ஆல், அரசு என்றால் சுவரிடுக்கில் வேர் ஓடும் முன் வேறிடத்துக்கு மாற்றுங்கள். கசக்கினால் உன்னி மணம் வந்தால் பிடுங்கிவிடுங்கள். சொரசொரத்த இலையென்றால் முசுமுசுக்கை, வளைந்த சிறு முள் தெரிந்தால் தூதுவளை. ஒரு குச்சி நட்டு ஏற்றிவிடுங்கள்.